'கேஷ்' இரண்டு உண்டு, நம்முடையது ஒன்றுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் சரி. நான்காவதாக, 'கேஷ்' என்பது நம் காசுதான் என்று எழுதியிருப்பது பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதிதான் வாட்ஸ்ஆப்பில் வருடம் முழுக்கச் சுற்றுகிறது.

பெரிய ஆங்கில அகராதி எதையும் திறந்து பாருங்கள். 'கேஷ்' இரண்டு தனித்தனித் தலைச்சொற்களாக இருக்கும். ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் நமக்கு இரண்டு சொற்கள் அல்லவா, அதைப் போல.

"கேஷா, கார்டா?" என்று கடைக்காரர் கேட்கிறாரே, அந்த 'கேஷ்' லத்தீன் வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆயிற்று, பிரெஞ்சில் 'கேஸ்' ஆயிற்று. வணிகர்கள் பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கும் அதுவே பெயர். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதற்குப் பெட்டி என்றுதான் பொருள். 1598இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, 'காஸ்ஸா' என்பதை வணிகரின் 'கேஷ்' என்று விளக்குகிறது. பிறகு பெட்டியின் பெயர் அதற்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணப்படி சொன்னால் இடவாகுபெயர். 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் ஆங்கிலத்தில் உதிர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றும் பெட்டியும் 'கேஸ்', கடையின் கல்லாவும் 'கேஸ்'. 'கேஷியர்' அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். நாம் சொல்லும் 'ஒரு கேஸ் சோடா', கேசட், கேப்ஸ்யூல் எல்லாம் இதே காப்ஸாவின் வாரிசுகள். கோர்ட்டில் நடக்கும் 'கேஸ்' மட்டும் வேறு குடும்பம். அது 'விழுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இனி நம்முடையது. அதே 1598இல் வேறொரு நூலும் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. கோவாவில் சில ஆண்டுகள் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூல். சுந்தா நாட்டில் (ஜாவாத் தீவின் மேற்குப் பகுதி) 'கைஷா' என்ற செப்புக்காசைத் தவிர வேறு நாணயம் இல்லை, நடுவே துளையிட்டிருக்கும், ஒரு கயிற்றில் இருநூறோ ஆயிரமோ கோத்து வைப்பார்கள் என்கிறது அது. 'கைஷா' போர்த்துகீசியச் சொல். நம் கடற்கரையில் காதில் விழுந்த 'காசு'வை அவர்கள் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். ஏன் 'காசு' என்றே விடாமல் 'கைஷா' ஆக்கினார்கள்? அவர்கள் மொழியில் பெட்டிக்கு ஏற்கெனவே 'கைஷா' என்ற சொல் இருந்தது. அதுவும் காப்ஸாவின் வழிவந்ததுதான்! புதிதாகக் கேட்ட சொல், பழகிய சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டது. ஆக, இரண்டையும் முதலில் குழப்பியது வாட்ஸ்ஆப் அல்ல, நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய மாலுமிகள்.

போர்த்துகீசியர் போன இடமெல்லாம் சில்லறை நாணயத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று அழைத்தது இப்படித்தான். நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அப்படியே அழைக்கிறார்கள். சீனர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு.

யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில் இந்த வழித்தடம் இருக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருவதற்கு முன்பே, 1882இல் காலமாகிவிட்டார். போர்த்துகீசியர் கேட்டது தமிழ்க் 'காசு'வாகவோ அதையொத்த கொங்கணி வடிவமாகவோ இருக்கலாம் என்பதும், காசுக்கே மூலம் வடமொழியில் ஓர் எடையளவைக் குறிக்கும் 'கர்ஷம்' என்பதும் அவர்கள் கருத்து. பின்னதை ஏற்காதவர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் பணப்பெட்டி 'கேஷ்' நம் பக்கம் வரப்போவதில்லை.

"காசு சங்க இலக்கியத்திலேயே இருக்கிறதே, அதுதானே பழையது?" என்பார்கள். இருக்கிறது. கிளியின் அலகில் உள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்காசை உவமை சொல்லும் குறுந்தொகைப் பாட்டை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பழமை மட்டும் சான்றாகாது, சொல் போன வழியைக் காட்ட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல். மசூலிப்பட்டினத்தில் அவர்கள் கடை விரித்தது 1611இல். 'கேஷ்' அதற்கு முன்பே லண்டன் அகராதியில் பணப்பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

நம் காசு மேலிருந்து கீழே வந்த கதையும் கட்டுரையில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வருவது பொற்காசு. ஊர்ச்சபைகளுக்கு அதை வட்டிக்குக் கொடுத்தால் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 விழுக்காடு. அதே பெயர், கம்பெனி காலத்துச் சென்னையில் கடைசிப் படிச் செப்புக்காசுக்கு வந்து நின்றது. 80 காசு ஒரு பணம் ('பணம்' அன்று ஒரு நாணயத்தின் பெயர்). 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். திருவிதாங்கூர்க் கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

பழைய சென்னைக் கணக்கேடுகளைப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 12-30-60 என்று இருந்தால் அது வராகன், பணம், காசு என்ற வரிசை. தசமக் கணக்கு அல்ல. அதோடு 5-20-40ஐக் கூட்ட வேண்டுமா? வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 60ம் 40ம் 100 காசு. 80ஐ ஒரு பணமாக்கி இடப்பக்கம் தள்ளினால் மிச்சம் 20. 30ம் 20ம், வந்த ஒன்றும் சேர்த்து 51 பணம். 42ஐ ஒரு வராகனாக்கினால் மிச்சம் 9. வராகன் 12, 5, 1 சேர்ந்து 18. விடை 18-9-20. நூறு நூறாகக் கூட்டியவருக்கு 17-51-00 வரும். ஏட்டில் உள்ள மொத்தத்தோடு அது ஒத்துப்போகாது. பழி எழுதிய கணக்கப்பிள்ளை தலையில் விழும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒன்று. ராணுவ அதிகாரி 'கேஷியர்' செய்யப்பட்டார் என்று ஆங்கிலத்தில் வந்தால் அவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவமானத்தோடு பதவி பறிக்கப்பட்டார் என்று பொருள். அந்த வினைச்சொல் டச்சு வழியாக வந்தது. மூலப் பொருள் ரத்து செய்தல். பணத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். அது 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசு. கம்பெனி இங்கிலாந்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பியது. இதே வகைக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் ஏராளமான காசுகள் வெளியே எடுக்கப்பட்டன. இப்போது இணையத்தில் விற்பனைக்கு வருபவற்றில் பல அங்கிருந்து வந்தவைதாம். ரோம எண்ணில் 'எக்ஸ் எக்ஸ் கேஷ்' என்று அதில் இருப்பதை உங்கள் படவிளக்கம் '20 ரூபாய் ரொக்கம்' என்கிறது. 20 காசு என்பது கால் பணம். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கொண்டால் ஒரு ரூபாய்க்கு அப்படிப்பட்ட காசு 48 கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்