பட்டியல் போடும் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' என்று உங்கள் பட்டியல்கள் வரத் தொடங்கும், கூடவே இலக்கியத்துக்கு எதற்கு ரேங்க் என்ற சண்டையும் வரும். இந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்தான். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லாவிட்டால் பாடத்திட்டமும் விளம்பரமும்தான் எங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும். 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போன உ.வே.சா., தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவே இல்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் படித்ததுண்டா என்று கேட்கிறார். உ.வே.சா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்டவர், ஆனால் அவை அவர் படித்த வட்டத்துக்குள் வரவே இல்லை! அந்த வட்டமும் ஒரு பட்டியல்தானே, யார் போட்டது, ஏன் போட்டார்கள் என்று எவரும் கேட்காத பட்டியல். ஒரு மனிதர் நேருக்கு நேராக மூன்று பெயர்களைச் சொன்ன பிறகுதான் அது உடைந்தது. 1887-இல் சிந்தாமணி, 1892-இல் சிலம்பு, 1898-இல் மணிமேகலை என்று உ.வே.சா. ஒவ்வொன்றாக அச்சுக்குக் கொண்டுவந்தார்.

அதனால்தான் உங்கள் மேல் ஒரு வருத்தம். வெறும் பெயர்களை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறீர்கள். கிருத்திகாவின் 'வாசவேச்வரம்' நாவல் 1966-இலேயே வந்துவிட்டது. அது உங்கள் நூறில் இல்லையென்றால், படித்துப் பார்த்துப் பிடிக்காமல் விட்டீர்களா, கைக்குக் கிடைக்காமல் விட்டீர்களா, முன்னால் பட்டியல் போட்டவர் சொல்லாததால் நீங்களும் விட்டீர்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆர். சூடாமணியின் கதைகளுக்கும் இதே கேள்விதான். காரணம் எழுதியிருந்தால் உங்களோடு மல்லுக்கட்டலாம், அந்த மல்லுக்கட்டலில்தான் ஒரு வாசகருக்குச் சொந்த ரசனை வருகிறது. பெயர்கள் மட்டும் இருந்தால் ஒன்று அப்படியே நம்ப வேண்டும், இல்லை தூக்கிப்போட வேண்டும்.

நூறு வேண்டாம், இருபது போதும். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். படிக்காமல் விட்டது எது என்றும் சொல்லுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. அடுத்த முறை பட்டியல் மாறினால் எதை எடுத்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று காட்டுங்கள். அப்புறம், புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறதா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஊர் நூலகத்தில் வாங்கிப் போடச் சொல்லிக் கேட்க அது உதவும்.

அன்புடன்,
உங்கள் பட்டியல்களைப் பார்த்துப் புத்தகம் வாங்கும் ஒரு வாசகர்