எண்ணெய் குடித்த பிளேட்

ஷார்ஜா,
மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தாங்களும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அறை, சாப்பாடு பற்றியெல்லாம் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். இந்த முறை வேலையைப் பற்றி மட்டும்.

இங்கே பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பகுதியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஜப்பானில் 1984-இல் உற்பத்தி நின்ற டொயோட்டா லேண்ட் குரூசர் 40 வரிசை வண்டிகள். மன்னார்குடியில் அம்பாசடருக்கு இருந்த மரியாதை இங்கே அதற்கு இருக்கிறது. மேல் பூச்சு பளபளக்கும். கீழே இறக்கிப் பார்த்தால்தான், இதற்கு முன் கை வைத்தவர்கள் செய்ததெல்லாம் வெளியே வரும்.

சென்ற வாரம் வந்த வண்டியில் கியர் மாற்றினால் கரகரத்தது. மேட்டில் எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி ஏறவில்லை. கியர் பாக்ஸ் எண்ணெயை இறக்கினோம், கூழாக வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் மரத்தூள்! தேய்ந்த பற்களின் சத்தத்தை அமுக்கி விற்றுவிட எவரோ போட்டது. இப்படி வாழைப்பழத் தோலையும் திணிப்பார்கள் என்று தாங்கள் சொன்னபோது, சிறுவனான நான் அதைக் கதையென்றே நினைத்தேன். எண்ணெயில் காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் பொடியும் மின்னியது. கியர் கரகரக்காமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளை. மேல்மூடிக்குப் பாக்கிங்காக பிஸ்கட் அட்டையை வெட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சிக்கனத்தை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை.

ஆனால் என்னை உறுத்தியது கிளட்ச்தான். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, உராய்ந்து பிடிக்க வேண்டிய கிளட்ச் பிளேட்டை நனைத்திருக்கிறது. சீலை மாற்றாமல், பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மாட்டியிருக்கிறார்கள். எங்கள் மேஸ்திரி பாலக்காட்டுக்காரர். அவர் அதைச் சற்றே சூடுகாட்டிச் செய்தித்தாளின்மேல் வைத்தார். வடை கட்டிய தாளைப்போல வட்டமாக எண்ணெய் ஊறி வந்தது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே குடித்தது அப்படியே இருக்கிறது. கிளட்ச் சூடேறும்போதெல்லாம் மேலே வந்து வழுக்குகிறது.

அதைப் பார்த்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை, அப்பா. நான் புறப்படுவதற்கு முந்தைய மாதம், நீடாமங்கலம் மிராசுதாரின் அம்பாசடரை, வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டுமென்று அவர் அவசரப்படுத்தியதால், தாங்கள் கும்பகோணம் போயிருந்த நாளில் நானே பிரித்து, இதே பெட்ரோலும் உப்புத்தாளும் போட்டுத்தான் மூடினேன். புது பிளேட்டுக்குக் காசு வாங்கவில்லை என்பது உண்மை; ஆனால் பழையதையே மாட்டியிருக்கிறேன் என்று அவரிடமும் சொல்லவில்லை, தங்களிடமும் சொல்லவில்லை.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் அவர் வண்டியை விடமாட்டார். அதற்குள் வரவழைத்துக் கிளட்சை இறக்கிவிடுங்கள். கசிவு எங்கிருந்து என்று முதலில் பாருங்கள், பிறகு பிளேட்டை மாற்றுங்கள். அதற்கான தொகையை இம்மாதப் பணத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். கூலி வாங்க வேண்டாம். காரணம் கேட்டால் என் பெயரையே சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்