பேக்கப் சர்வரை எப்படி அணைப்பது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. இனி மதியத்துக்கு மேல் இடி, மின்னல், நடுவே கரண்ட் போவதும் வருவதும்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஸ்டுடியோ, ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம் என்று பேக்கப் சர்வர் (ஃபைல்களின் நகலைச் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர்) வைத்திருக்கும் நீங்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பூட்டிவிட்டுப் போகும்போது சுவிட்சை அணைத்தால் போதாதா?"

போதாது. நீங்கள் அனுப்பும் ஃபைல் நேராக டிஸ்கில் பதிவதில்லை. முதலில் சர்வரின் ராமில் (கரண்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும் தற்காலிக நினைவகத்தில்) தங்கி, பிறகுதான் டிஸ்குக்குப் போகிறது. காப்பி முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் கடைசிப் பகுதி ராமிலேயே காத்திருக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் அது போனதுதான். ரெய்டு 5 (பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் முறை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் தரவும், பழுதான டிஸ்கை மீட்க உதவும் பாரிட்டி கணக்கும் பல டிஸ்குகளில் பிரித்து எழுதப்படுகின்றன. ஒன்றில் எழுதி மற்றதில் எழுதாமல் நின்றுவிட்டால் கணக்கு ஒத்துப்போகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் ஒரு டிஸ்க் பழுதாகி, மீதியை வைத்து அதை மீட்கப் பார்க்கும்போதுதான் ஃபைல் கெட்டிருப்பது தெரியும்.

அணைக்கும் முன் பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முடியட்டும். கம்ப்யூட்டர்களில் திறந்திருக்கும் ஃபைல்களை மூடிவிட்டு, சர்வரின் நிர்வாகப் பக்கத்தில் ஷட்டவுன் கொடுங்கள். விளக்குகள் அணையச் சில நிமிடம் ஆகலாம், பொறுங்கள். அப்புறம்தான் யுபிஎஸ்ஸில் கை வைக்க வேண்டும். முன்பக்கப் பட்டனை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். சிலவற்றில் அது கரண்ட்டைப் பிடுங்குவதற்குச் சமம். டிஸ்க் மாற்றி ரீபில்ட் (புது டிஸ்கில் தரவைத் திரும்ப எழுதும் வேலை) ஓடும்போதோ பழுது விளக்கு எரியும்போதோ அணைக்கவே வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள். ஆண்டுக்கணக்கில் சுழன்ற பழைய டிஸ்க், ஒருமுறை நின்றால் திரும்பச் சுழலாமல் போவதும் உண்டு.

யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யுஎஸ்பி கேபிள் போட்டு, சர்வரின் செட்டிங்ஸிலும் அதை இயக்கியிருந்தால், பேட்டரி இறங்கும்போது சர்வர் முறையாகத் தானே அணையும். கேபிள் இல்லையென்றால் ஆளில்லாத ராத்திரியில் பேட்டரி தீர்ந்ததும் சட்டென்று நின்றுவிடும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் ஈடுகொடுக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே அணைத்து, பவர் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கரண்ட் வந்த கையோடு போடாதீர்கள். நிலையாக நிற்கட்டும், யுபிஎஸ்ஸும் கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும். முதலில் ரவுட்டர், அடுத்து சர்வர், கடைசியில் கம்ப்யூட்டர்கள். சில சர்வர்களில், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபோல்டர்கள் ரீபூட்டுக்குப் பின் தானாகத் திறக்காது. பேக்கப் நின்றுபோனதே தெரியாமல் வாரங்கள் ஓடிவிடும். அதனால் மறுநாள் காலை கடைசி பேக்கப்பின் தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

யுஎஸ்பி கேபிள் இல்லாதவர்கள் யுபிஎஸ், சர்வர் இரண்டின் மாடலையும் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பொருந்துமா என்று பார்த்து அமைத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் கடை, நாகர்கோவில்