ஹோலி ஐலண்டுக்கு நேரம் பார்த்துத்தான் போகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், ஆக்ஸ்ஃபோர்ட் என்று வழக்கமாக எழுதுவதோடு நிறுத்தாமல், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்து கவுன்டிக்கும் இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தது சந்தோஷம். ஆனால் அந்த இரண்டில் ஒன்று ஆபத்தானது, மற்றது அநியாயம்.

ஆபத்தானதை முதலில் சொல்கிறேன். பாம்பரோ கோட்டையைச் சாயங்காலம்வரை பார்த்துவிட்டு, அப்படியே காரில் ஹோலி ஐலண்டுக்கு ஓர் எட்டுப் போய் வரலாம் என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். அந்தத் தீவுக்குப் பாம்பன் மாதிரிப் பாலம் கிடையாது. கடல் மணலை ஒட்டிப் போட்ட சாலைதான். தினமும் இரண்டு தடவை கடல் ஏறி அந்தச் சாலையை மூடிவிடும். மூடினால் பல மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. எப்போதிலிருந்து எப்போதுவரை கடக்கலாம் என்று கவுன்டி கவுன்சில் நாள்வாரியாக அட்டவணை வெளியிடுகிறது. இன்று பகல் பன்னிரண்டுக்குத் திறந்திருந்த சாலை அடுத்த வாரம் அதே நேரத்தில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். அதனால் போன மாதம் போய் வந்த உறவுக்காரர் சொன்ன நேரத்தை நம்பக்கூடாது. வழியில் உயரமான கால்கள்மேல் ஒரு மரக்கூண்டு நிற்கிறது. காரை விட்டுவிட்டு ஏறி உயிர் தப்புவதற்காகக் கட்டியது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் வருஷா வருஷம் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள், கரையோர ஊரான சீஹவுசஸிலிருந்து மீட்புப் படகு வந்து அழைத்துப்போகிறது. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிற நம் ஆட்கள் அந்தக் கூண்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

நான் கோவில்பட்டிக்காரன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மகள் நார்தம்பர்லாந்தை ஒட்டிய நியூகாசிலில் நர்ஸ். பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறும் பெற்றோர் கூட்டத்தில் நானும் என் மனைவியும் அடக்கம். அதனால்தான் அடுத்த விஷயத்தையும் எழுதவேண்டியிருக்கிறது.

ஹாலிடே பார்க்குகளைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார்: ஏழைகளுக்கான தகரக் கொட்டகைகளாம், நம்மவருக்குச் சரிப்படாதாம். நேரில் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். அந்தப் பார்க்குகளில் தங்க வாடகைக்கு விடும் ஸ்டாட்டிக் கேரவன் என்பது தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, வரிசையாக நிறுத்திய வீடு. அடியில் சக்கரம் இருக்கும், ஆனால் ஓடாது. இரண்டு மூன்று படுக்கையறை, கூடம், குளியலறை, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. பாம்பரோவுக்கும் பெரிக்குக்கும் நடுவே ஹேகர்ஸ்டன் காசில் என்ற பார்க்கில், இடித்துத் தள்ளிய பழைய மாளிகையின் கோபுரம் மட்டும் இன்னும் கேரவன்களுக்கு மத்தியில் உயர்ந்து நிற்கிறது.

ஹோட்டலில் இரண்டு அறை எடுத்து, வேளாவேளைக்கு சாண்ட்விச் தேடி அலைவதைவிட, சாதம் வடித்து ரசம் வைத்துவிட்டு நாளுக்கு ஓர் இடம் என்று நிதானமாகப் பார்ப்பது எங்கள் வயதுக்கு ஒத்துவந்தது. ஒரு குக்கரும் மசாலா டப்பாவும் கூடவே போகட்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவைக்கவேண்டும், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறி அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் குரைக்கும். அங்கே கேரவனுக்கு ஒரு நாய் இருக்கும்போலிருக்கிறது.

குறை இல்லாமலா? நாங்கள் தங்கிய ஒரு பார்க்கில் நீச்சல்குளத்துக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் தனியாக பாஸ் என்று சொல்லி, அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காத எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் வாங்கிவிட்டார்கள். மகள் சண்டை போட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. படுக்கை விரிப்பு, துண்டு வாடகையில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. சாவி கைக்கு வரச் சாயங்காலம் ஆகும், காலி செய்யும் நாளிலோ காலையிலேயே கிளப்பிவிடுவார்கள். நாங்கள் ஜூனில் கொடுத்த வாடகையை ஆகஸ்டுக்கு விசாரித்தபோது இரண்டு மடங்கைத் தாண்டியது. காரணம் பள்ளி விடுமுறை. இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளி நாளில் அனுமதியில்லாமல் சுற்றுலா கூட்டிப்போனால், ஒரு பிள்ளைக்குத் தாய், தகப்பன் ஆளுக்கு 80 பவுண்டு அபராதம். பேரப்பிள்ளை இன்னும் பள்ளி சேரவில்லை என்றால் ஜூனில் போய்விடுங்கள். இரவு பத்து மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும். சீஹவுசஸிலிருந்து படகில் ஃபார்ன் தீவுகளுக்குப் போனால் பஃபின் பறவைகளைப் பார்க்கலாம், ஜூலை முடிவதற்குள் அவை கடலுக்குப் போய்விடும். தொப்பி அவசியம். கூட்டுக்குப் பக்கத்தில் நடந்தால் அங்கிருக்கும் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் மண்டையிலேயே கொத்தும்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நியூகாசிலிலிருந்து அனிக், சீஹவுசஸ், பாம்பரோ வழியாக பெரிக் வரை எக்ஸ்18 பஸ் போகிறது. கோட்டைகளைப் பற்றிக் கட்டுரையில் வேண்டிய அளவு வந்துவிட்டது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாம்பரோ கோட்டை நிற்கும் கரும்பாறையும், ஃபார்ன் தீவுகளின் பாறையும், ஹேட்ரியன் சுவர் ஏறி ஓடும் மலைமுகடும் ஒரே எரிமலைக் குழம்பு பூமிக்குள் உறைந்து உண்டானவை. இந்தப் பாறையை வின் சில் என்கிறார்கள்.

அந்தச் சுவரைக் கட்டுரையாளர் எப்படித்தான் விட்டாரோ! கி.பி. 122-இல் ரோமப் பேரரசன் ஹேட்ரியன் தொடங்கியது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை 73 மைல். கோடையில் சுவரை ஒட்டி ஓடும் பஸ்ஸுக்கு ஏடி122 என்று அந்த ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். சுவருக்குக் கொஞ்சம் தெற்கே விண்டொலாண்டா என்ற ரோமப் படைமுகாம். அங்கே 1973-இலிருந்து மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்துவருகின்றன, மையால் எழுதியவை. காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒரு சிப்பாய்க்கு வந்த கடிதம், தன் பிறந்தநாளுக்கு வரும்படி ஓர் அதிகாரி மனைவி இன்னோர் அதிகாரி மனைவிக்கு எழுதிய அழைப்பு, கடன் கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு கணக்கில் கம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே மிளகு, 2 தினாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமுக்கு மிளகு போனது சேரநாட்டு மலைகளிலிருந்துதானே? பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிய யவனக் கப்பல்களை முசிறித் துறையில் வைத்துப் பாடுகிறது அகநானூறு. தமிழ் வாசகனை அந்தக் கவுன்டிக்கு அழைக்க இந்த ஒரு மிளகுக் கணக்கு போதும். சீவல்களில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன என்றாலும், முகாமைச் சுற்றி நடந்துவிட்டு அங்குள்ள மியூசியத்தையும் பார்த்தால் அரை நாள் போதாது.

இன்னோர் இடமும் விடுபட்டிருக்கிறது. ராத்பரி ஊருக்குப் பக்கத்தில் கிராக்சைடு மாளிகை, உலகிலேயே முதன்முதலாக நீர்மின்சாரத்தால் விளக்கு எரிந்த வீடு. நியூகாசிலில் பீரங்கியும் கிரேனும் செய்து பணக்காரரான ஆர்ம்ஸ்ட்ராங், ஏரித் தண்ணீரைக் கீழே இறக்கி டைனமோவைச் சுற்றவைத்து 1878-இல் ஆர்க் விளக்கு போட்டார். இரண்டு ஆண்டில் ஸ்வான் கண்டுபிடித்த பல்புகள் வந்தன. நூலகத்தில் செம்புமேல் எனாமல் பூசிய ஜாடிகள்மேல் பல்பு. ஜாடியின் உலோக உடம்பு வழியாகவே மின்சாரம் திரும்பிப் போகும், அடியில் பாதரசக் கிண்ணத்தில் இணைப்பு. ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். சுவிட்சே கிடையாது! எங்கள் வாரியத்தில் எவனாவது இப்படி ஓர் இணைப்பு கொடுத்திருந்தால் அன்றைக்கே மெமோ வாங்கியிருப்பான். நான் அந்த அறையைவிட்டு நகரவில்லை. மனைவியும் மகளும் தோட்டம், டீக்கடை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து கூப்பிட்டார்கள். 2014-இல் அங்கே திருகு வடிவச் சுழலி ஒன்றைப் போட்டு, ஏரித் தண்ணீரிலிருந்து மறுபடியும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் போகிறவர்கள் இப்போதே திட்டம் போட ஆரம்பித்திருப்பார்கள். ஆகவே ஹோலி ஐலண்டுச் சாலை பற்றிய திருத்தத்தை வரும் ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், கண்ணில் படும்படி போடுங்கள். மற்றதை இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கோவில்பட்டி.