லீஸ்டு லைன் புகார்: எங்கள் /29 தொகுப்புக்கான ரூட்டில் நெக்ஸ்ட் ஹாப் இல்லை

அனுப்புநர்:
தரவு மற்றும் நெட்வொர்க் பிரிவு,
காற்றாலைப் பராமரிப்பு அலுவலகம்,
ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
லீஸ்டு லைன் வாடிக்கையாளர் சேவை.

பொருள்: நாகர்கோவில் நிலையத்தில் ரூட்டர் மாற்றியபின் எங்கள் சர்வர்களுக்கு வெளியிலிருந்து எதுவும் வந்து சேராதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் நாகர்கோவில் ரூட்டரில் 203.0.113.8/29 தொகுப்புக்கான (எங்கள் சர்வர்களுக்குரிய எட்டு முகவரிகள்) ஸ்டேடிக் ரூட்டில், அதாவது கையால் எழுதும் பாதைக் குறிப்பில், நெக்ஸ்ட் ஹாப்பாக (பாக்கெட்டை அடுத்து வாங்க வேண்டிய ரூட்டராக) 198.51.100.6 என்ற எங்கள் முகவரியை எழுத வேண்டும். கோரிக்கை இது ஒன்றுதான். இப்போது அந்த இடத்தில் போர்ட்டின் பெயர் மட்டுமே இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறோம். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறோம். இந்தக் கடிதத்தை இணையத்திலும் வெளியிடுவதால், ஆவணங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மாதிரி முகவரிகளைப் போட்டுள்ளோம். உண்மையான முகவரிகள் இணைப்பில் உள்ளன.

எங்கள் பக்கத்து அமைப்பு எளிமையானது. லினக்ஸ் ஓடும் ஒரு கணினிதான் ரூட்டர். வெளிப்பக்க கார்டு ஈத்0-இல் 198.51.100.6/30, எதிர்முனையில் உங்கள் 198.51.100.5. உள்பக்க கார்டு ஈத்1-இல் 203.0.113.9/29. அதற்குப் பின்னால் சர்வர்கள் 203.0.113.10, 11, 12. டீஃபால்ட் ரூட் (தனிப் பாதை எழுதாத எல்லாவற்றுக்கும்) 198.51.100.5 வழியாக. ஐபி ஃபார்வர்டு 1, அதாவது ஒரு கார்டிலிருந்து மற்றதற்குப் பாக்கெட்டைக் கடத்துவது இயக்கத்தில் இருக்கிறது. "ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 203.0.113.10 ஐஐஎஃப் ஈத்1" என்று கேட்டால் ஈத்0 வழியாக 198.51.100.5 என்றே விடை வருகிறது. ஆகவே வெளியே போகும் பாதையில் குறை இல்லை.

திரும்பி வரும் பாதையில்தான் குறை. எங்கள் தற்காலிக ஏற்பாடு (கீழே சொல்கிறோம்) இல்லாதபோது 203.0.113.10-இலிருந்து ஒரு இணைப்பைத் தொடங்கிவிட்டு ஈத்0-இல் டிசிபிடம்ப் (கார்டில் வரும், போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தால் சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) வெளியே போவது தெரிகிறது, பதில் ஒன்றுகூட வருவதில்லை. பதிலுக்குப் பதிலாக உங்கள் ரூட்டரின் ஏஆர்பி கேள்வி (ஓர் ஐபி முகவரி எந்தக் கார்டில் இருக்கிறது என்று அதே கம்பியில் கேட்பது) வருகிறது: "203.0.113.10 யாரிடம் இருக்கிறது? 198.51.100.5-க்குச் சொல்". நெக்ஸ்ட் ஹாப் சரியாக எழுதப்பட்டிருந்தால் உங்கள் ரூட்டர் 198.51.100.6-இன் மேக் முகவரியை (கார்டின் வன்பொருள் முகவரியை) மட்டுமே கேட்க வேண்டும். எங்கள் சர்வர்களின் முகவரிகளை இந்தக் கம்பியில் கேட்கவே கூடாது. ஸ்டேடிக் ரூட்டை ஈதர்நெட் போர்ட்டின் பெயருக்கு மட்டும் எழுதினால், சேர வேண்டிய முகவரிகள் எல்லாம் அதே கம்பியில் நேரடியாக இருப்பதாக ரூட்டர் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஏஆர்பி கேட்கும். இங்கே நடப்பது அதுதான்.

எங்கள் தொகுப்பை உங்கள் போர்ட்டில் இரண்டாவது முகவரியாகப் போட்டிருப்பார்களோ என்றும் பார்த்தோம். இல்லை. அப்படியிருந்தால் கேள்வி அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் ஒரு முகவரியிலிருந்து வந்திருக்கும். தொகுப்பின் முதல் முகவரியான 203.0.113.8-க்கும் கடைசி முகவரியான 203.0.113.15-க்கும் கேள்வி வந்திருக்காது; அவை நெட்வொர்க் முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும் அல்லவா? எங்கள் பதிவில் அந்த இரண்டுக்கும் ஏஆர்பி கேள்விகள் இருக்கின்றன, எல்லாமே 198.51.100.5-இலிருந்து. பதிவுக் கோப்பை இணைத்துள்ளோம்.

உங்கள் பொறியாளர்கள் ஒவ்வொரு முறையும் 203.0.113.9-ஐப் பிங் செய்து, "பதில் வருகிறது, லைன் சரி" என்று புகாரை முடித்துவிடுகிறார்கள். அந்த முகவரிக்குப் பதில் வரத்தான் செய்யும். லினக்ஸில் ஏஆர்பி இக்னோர் என்ற செட்டிங் இயல்பாக 0. தன்னிடம் உள்ள எந்த முகவரியைக் கேட்டாலும், அது வேறு கார்டில் இருந்தாலும், கேள்வி வந்த கார்டிலேயே பதில் சொல்லிவிடும். 9 எங்கள் ரூட்டரின் சொந்த முகவரி. 10, 11, 12 பின்னாலுள்ள சர்வர்களுடையவை. அவற்றுக்காக லினக்ஸ் தானாகப் பதில் சொல்லாது, ஏனென்றால் பிராக்ஸி ஏஆர்பி (பிறர் முகவரிக்காகத் தானே பதில் சொல்வது) இயல்பாக அணைந்தே இருக்கிறது. சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டர்களில் அது இயல்பாகவே இயங்கும். அத்தகைய ரூட்டர் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் குறை வெளியே தெரியாமல் ஓடிவிடும். "மற்ற வாடிக்கையாளர்களுக்கு இதே செட்டிங்தான், அவர்களுக்கு வேலை செய்கிறதே" என்ற உங்கள் வாதத்துக்கு எங்கள் பதில் இதுவே. தயவுசெய்து இனி, எங்கள் தற்காலிக ஏற்பாட்டை நீக்கியிருக்கும் நேரத்தில், 203.0.113.10-ஐப் பிங் செய்து பாருங்கள். அந்த சர்வரில் பிங் திறந்தே இருக்கிறது.

ஆர்பி ஃபில்டரை (பாக்கெட் சரியான கார்டு வழியாக வந்ததா என்று பார்க்கும் லினக்ஸ் சோதனையை) 0 ஆக்குங்கள், ஃபயர்வாலை நிறுத்துங்கள் என்ற ஆலோசனைகளும் வந்தன. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் இந்த இரண்டு சோதனைக்கும் முன்பே பார்த்துவிடும். அவை தடுத்திருந்தால் பாக்கெட் வந்ததாவது ஈத்0 பதிவில் இருக்க வேண்டும். வரவே இல்லை. டிஎன்எஸ் மாற்றுவதும் மோடத்தை அணைத்துப் போடுவதும் இதற்குத் தொடர்பில்லாதவை.

தற்காலிகமாக எங்கள் பக்கத்தில் "ஐபி நெய் ஆட் பிராக்ஸி 203.0.113.10 டெவ் ஈத்0" என்று ஒவ்வொரு சர்வருக்கும் எழுதி ஓட்டுகிறோம். ஈத்0 முழுவதற்கும் பிராக்ஸி ஏஆர்பியை இயக்கவில்லை; இயக்கினால் உள்ளே ரூட் உள்ள எந்த முகவரியைக் கேட்டாலும் எங்கள் கணினி தன் மேக் முகவரியைக் கொடுத்துவிடும், அது பாதுகாப்பல்ல. எழுதிய வரிகளோ ரீபூட் ஆனால் மறைந்துவிடும். ஸ்கிரிப்டில் வைத்துக் காக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ரூட்டர் கணினி பழுதாகி மாற்றுக் கணினியை வைத்தால், உங்கள் ரூட்டரின் நினைவில் ஒவ்வொரு சர்வருக்கும் பழைய மேக் முகவரி தங்கியிருக்கும். சிஸ்கோவில் அந்த நினைவு இயல்பாக 14,400 விநாடி, அதாவது 4 மணி நேரம். நெக்ஸ்ட் ஹாப் இருந்தால் 198.51.100.6 என்ற ஒரே பதிவுதான். அதை "ஏஆர்பிங்" கட்டளையால் நாங்களே உடனே புதுப்பித்துவிட முடியும்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிக் காற்றாலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சிம் வழியாக அனுப்பும் அளவீடுகள் இந்த சர்வர்களுக்குத்தான் வருகின்றன. மின்சார அட்டவணை 15 நிமிடத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 96. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கியிருக்கும் மாதங்களில் அளவீடு நின்றால் முன்கணிப்பு கெடும். எந்த மில் நின்றிருக்கிறது என்பதே தெரியாமல் பராமரிப்பு ஆட்கள் அலைய வேண்டியிருக்கும். ஆண்டு முழுவதும் கட்டணம் கட்டுவது இந்த மாதங்களுக்காகவே.

திருத்தம் இரண்டு வரிதான். போர்ட்டுக்கு எழுதிய பழைய ரூட்டை நீக்குங்கள். பிறகு "ஐபி ரூட் 203.0.113.8 255.255.255.248 198.51.100.6" என்று எழுதுங்கள். பழையதை விட்டுவைத்துப் புதியதை மட்டும் சேர்க்க வேண்டாம். இரண்டும் சம மதிப்புள்ளவை என்பதால் ரூட்டர் போக்குவரத்தை இரண்டுக்கும் பங்கிடும். சிலருக்கு எங்கள் சர்வர் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. இப்போதுள்ள நிலையைவிட அதைக் கண்டுபிடிப்பது கடினம். மாற்றியபின் செட்டிங்கைச் சேமிக்கவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த மின்தடையில் பழையதே திரும்பும்.

மாற்றும் நேரத்தை முன்கூட்டிச் சொன்னால், எங்கள் பிராக்ஸி வரிகளை அந்த நேரத்தில் நீக்கிவிட்டு ஈத்0-இல் கவனித்துக்கொண்டிருப்போம். 203.0.113.10-க்கான ஏஆர்பி கேள்வி நின்று, வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் போனால் வேலை முடிந்தது. அதை உங்கள் பொறியாளருக்கு அப்போதே எழுத்தில் உறுதி செய்கிறோம்.

சர்வர்கள் எட்டாமல் இருந்த காலத்துக்கான கட்டணத்தை ஒப்பந்தப்படி அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். இந்தப் புகாருக்கும் "லைன் சரி" என்றே பதில் வந்தால், 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இதே ஆதாரங்களுடன் செல்வோம்.

இப்படிக்கு,
தரவு மற்றும் நெட்வொர்க் பிரிவு,
ஆரல்வாய்மொழி.

இணைப்பு: ஈத்0 டிசிபிடம்ப் பதிவு, ரூட் அட்டவணை, உண்மையான முகவரிகளின் பட்டியல்.