நாற்பத்திரண்டு பாட்டில்கள்

டார்பி, இங்கிலாந்து,
மார்ச் 9

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு இந்த முறை சோம்பல் காரணம் இல்லை, பாட்டில்கள் காரணம். முழங்கால் வலி குறைந்து, காலையில் கடைத்தெரு வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே நானும் மீனாவும் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கூர்மை பார்க்க என் விரல்தான் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் பீர் தயாரித்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நம் ஊரில் இதைச் செய்திருந்தால் மதுவிலக்குப் பிரிவு என்னைத் தேடி வந்திருக்கும். இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் ரெஜினால்ட் மாட்லிங் என்ற நிதியமைச்சர் அதை எடுத்துவிட்டார். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் தயாரித்துக் குடிக்கலாம், விற்கத்தான் கூடாது. நான் தயாரித்ததைக் காசு கொடுத்து வாங்க யாரும் வர மாட்டார்கள் என்பதால் அந்தப் பயமும் இல்லை.

நான் ஓய்வுபெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த பீர் தயாரிக்கும் பெட்டி, மாடிப்படிக்கு அடியில் ஆறு மாதம் கிடந்தது. ஜனவரியில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்தேன். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், அடர்த்தி அளக்க ஒரு ஹைட்ரோமீட்டர், 1.7 கிலோ மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு அடைத்த டப்பா, சிறிய ஈஸ்ட் பொட்டலம். ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பெல்லாம் அந்தச் சாற்றிலேயே சேர்ந்திருக்கிறது. டப்பாவைத் திறந்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக, கெட்டியாக இருந்தது. வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்கி, சூடு ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஒரு ரசம் வைப்பதற்கு இதைவிட அதிகத் திறமை வேண்டும்.

ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சூடு வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரி 15-க்கு இறங்கிவிடும். பழைய கம்பளியைச் சுற்றி, வாளியை ரேடியேட்டர் பக்கத்தில் உட்காரவைத்தேன். குளிர்காலத்தில் மீனா இட்லி மாவுக்குச் செய்கிற உபசாரம்தான். மறுநாள் காலை காபி போடும்போது வாயு வெளியேற மூடியில் செருகியிருந்த ஏர்லாக் “பொளக்” என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பொளக். சாயங்காலத்துக்குள் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்துவிட்டது. வீடு முழுக்கப் புளித்த ரொட்டி வாசனை. “மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற வாளியை நடுவீட்டில் வைத்திருக்கிறீர்கள்” என்றாள் மீனா.

அந்த வாசனையில் உன் தாத்தா ஞாபகம் வந்தார். உடன்குடியில் உன் வீட்டுக்கு வந்த விடுமுறையில், பனையிலிருந்து அவர் இறக்கிய கலயத்தின் உட்புறம் வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவியிருந்தது. தடவாமல் விட்டால் கள்ளு, தடவினால் பதநீர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை அடக்கிவிடுகிறது என்று பிறகு நீ விளக்கினாய். நீ முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு பிறந்ததே ஒரு பீர்க் கம்பெனியில்தான், தெரியுமா? கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் அதை வகுத்தது 1909-இல். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சும் கவனித்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பொளக் சத்தம் நின்றது. ஹைட்ரோமீட்டர், பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடுவார்களே, அந்த மாதிரிதான். முதல் நாள் 1.039 காட்டியது, இப்போது 1.008. சர்க்கரை தீர்ந்த கணக்கைப் போட்டால் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம். மூன்று நாள் தொடர்ந்து அதே எண் வந்த பிறகுதான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து, பாட்டில் வெடித்துவிடும்.

பாட்டில்கள்! அதுதான் உண்மையான வேலை. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியவை, தெருமுனைத் தொட்டியில் பொறுக்கியவை (மீனாவுக்குச் சொல்லாதே). எல்லாம் பழுப்பு நிறம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமடிக்கும். லேபிளை ஊறவைத்துச் சுரண்டி, கழுவி, கிருமிநாசினி ஊற்றி, கவிழ்த்துவைக்க ஒன்றரை நாள் ஆனது. பிறகு ரப்பர் குழாய். பாளையங்கோட்டை விடுதியில் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இறக்கும்போது ஒரு மடக்கு விழுங்கிவிட்டு இரண்டு நாள் ஏப்பம் விட்டாயே, அதே தொழில்நுட்பம். ஆனால் இதில் வாய் வைக்கக் கூடாது, வாயிலிருக்கும் கிருமி பீரைப் புளிக்கவைத்துவிடும். குழாயில் தண்ணீர் நிரப்பித் தொடங்க வேண்டும்.

நுரை வருவதற்கு ஒவ்வொரு அரை லிட்டர் பாட்டிலிலும் அரை டீஸ்பூன் சர்க்கரை போட வேண்டும். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். இருபதாவது பாட்டில் பக்கத்தில் தங்கை போன் செய்தாள். பேசிவிட்டுத் திரும்பினால், எதுவரை போட்டேன் என்று தெரியவில்லை. பழுப்புக் கண்ணாடிக்குள் அரை டீஸ்பூன் சர்க்கரையை எப்படிப் பார்ப்பது? டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஓர் இடத்திலிருந்து தொடர்ந்தேன். மொத்தச் சர்க்கரையையும் கொதிநீரில் கரைத்து வாளியிலேயே கலந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. அது பிறகுதான் தெரிந்தது. 42 பாட்டில்களுக்கும் நெம்புகோல் இழுத்து மூடி அழுத்தியது மட்டும் சுகமான வேலை. ஒவ்வொரு மூடிக்கும் 21 பல், எண்ணிப் பார்த்தேன்.

சூட்டில் இரண்டு வாரம், தோட்டத்துக் கொட்டகையில் ஒரு வாரம். போன சனிக்கிழமை முதல் பாட்டிலைத் திறந்தேன். சத்தமே இல்லை. ஊற்றினால், ஆறிப்போன கடுங்காப்பி. இரண்டாவது பாட்டில் “ப்ஸ்” என்றது. இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை, அடியில் மெல்லிய மண்டி, வாயில் கொஞ்சம் பிஸ்கட் ருசி, தொண்டையில் கசப்பு. கடைப் பீரைவிட நீர்த்திருந்தது. முழுவதும் குடித்தேன். அந்தத் தைரியத்தில் மூன்றாவதைத் திறந்தேன். அதற்கு இரண்டு முறை சர்க்கரை விழுந்திருக்கிறது. சமையலறைக் கூரையில் இன்னும் கறை இருக்கிறது. மீனா ஒன்றும் சொல்லாமல் ஏணியை எடுத்து வந்து வைத்தாள்.

மிச்சம் 39. தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்திருக்கிறேன். கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போகிறேன்.

பக்கத்திலுள்ள பர்ட்டன் ஊர் பீருக்குப் பேர்போனது. திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் என்று நாம் சொல்வதைப் போல, இவர்களும் எல்லாம் தண்ணீரில்தான் என்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம் என்று கண்டுபிடித்து, மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கரைத்துக்கொள்கிறார்கள். அல்வாவுக்கு அந்தக் கணக்கை யாராவது போட்டிருக்கிறார்களா? கெமிஸ்ட்ரி வாத்தியார் நீதான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாம் என்றிருக்கிறேன். ஜூன் மாதம் மகனைப் பார்க்க லண்டன் வரும்போது இரண்டு கிலோ கொண்டு வா. உனக்கென்று ஆறு பாட்டில் ஒதுக்கி, மூடியில் ‘செ’ என்று எழுதியிருக்கிறேன். அவற்றில் எதில் சர்க்கரை இருக்கிறது, எதில் இல்லை, எதில் இரட்டிப்பு என்பது எனக்கும் தெரியாது. தோட்டத்தில் வைத்துத் திறப்போம்.

அன்புடன்,
உன்
ராஜு