செயலாளர் ஆண்டறிக்கை: என்.ஐ.சி.யூ. குடும்பங்களோடு இந்த ஒரு வருடம்

நம் சங்கத்தின் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், மும்பையில் தாராவி, சயான், கோலிவாடா பக்கத்திலிருந்து வந்திருக்கும் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஜூனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், மழைக்காலத்தில் மருத்துவ முகாம், ஜனவரியில் பொங்கல் விழா எல்லாம் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் நம் உழைப்பு பெரும்பாலும் போனது வேறொரு வேலைக்கு. குறைமாதத்தில் பிறந்தோ, எடை குறைந்தோ, மூச்சுத் திணறியோ என்.ஐ.சி.யூ. என்கிற பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிற குழந்தைகளின் குடும்பங்களோடு நின்றோம். மீதி அறிக்கை முழுக்க அதைப் பற்றித்தான்.

மகளிர் அணி ஆரம்பித்த வேலை இது. நம்மில் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ டிக்கெட் எடுத்து வைத்திருப்பார்கள், அதற்குள் ரத்த அழுத்தம் ஏறியோ பனிக்குடம் உடைந்தோ இங்கேயே அவசரமாகப் பிரசவம் ஆகிவிடும். பெண்ணின் அம்மா ஊரில், புருஷனுக்கு லீவு கிடையாது. குழந்தையை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அவள் வார்டில் படுத்திருப்பாள், பக்கத்துப் படுக்கைகளில் எல்லாம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகாத, ஹிந்தியும் மராத்தியும் பிடிபடாத பெண்ணுக்கு டாக்டர் ரவுண்ட்ஸில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவதில் என்ன புரியும்? "யக்கா, புள்ளைக்கு என்னன்னு யாருமே சொல்ல மாட்டேங்காவ" என்று ஒரு பெண் நம் உறுப்பினரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதலில் செய்தது, ரவுண்ட்ஸ் நேரத்தில் நம் ஆள் ஒருவர் கூட நின்று கேட்டு, அதைத் தமிழில் பொறுமையாகச் சொல்வது. இதற்கு நாமும் படிக்க வேண்டியிருந்தது. 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறைமாதம். ரொம்ப முன்னதாகப் பிறந்த குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு ஊறியிருக்காது, அதைக் குழாய் வழியாக நுரையீரலுக்குள் கொடுப்பார்கள். சீபேப் என்பது மூக்கு வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றுக் கொடுப்பது, குழந்தை தானாகத்தான் மூச்சு விடுகிறது, இதைச் சொன்னாலே பாதிப் பேருக்கு முகம் தெளியும். திடீரென்று மூச்சை நிறுத்திக்கொள்வதை அப்னியா என்பார்கள். மூளையில் மூச்சை நடத்துகிற பகுதி இன்னும் முதிராததால் வருவது, அதற்குக் கொடுப்பது கஃபீன். காபியில் இருக்கிற அதே பொருள்தான் என்று சொன்னால் பாட்டிமார்கள் நம்ப மறுக்கிறார்கள். அப்புறம் எடை. 1,200 கிராமில் பிறந்த குழந்தை சில நாளில் 1,100 என்று சார்ட்டில் பார்த்ததும் குடும்பமே கலங்கிப்போகிறது. முதல் வாரம் எடை இறங்குவது இயல்பு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும், இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் கலக்கம் வராது.

பால் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் நம் சயான் மருத்துவமனையில்தான் தொடங்கியது, அந்த வழியாகத் தினமும் போய்வருகிற நம்மில் பலருக்கே இது தெரியாது. தானமாக வரும் பாலை, கொடுத்த தாயின் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகு, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடுபடுத்தி, கிருமி வளர்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இருந்தாலும் "யார் பாலோ, எந்த வீட்டுப் பாலோ" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். அம்மா பால் கிடைக்காத சின்னஞ்சிறு குழந்தைக்கு, குடலைப் பாதிக்கும் கொடிய நோயிலிருந்து, மாவுப்பாலைவிட இன்னொரு தாயின் பால்தான் நல்ல காப்பு. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

ஆனால் முதலில் அந்தத் தாயின் பாலுக்கே வழி செய்ய வேண்டும். குழந்தை பக்கத்தில் இல்லை, வாய் வைத்துச் சப்பவில்லை என்றால் பால் வற்றிவிடும் என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே பீய்ச்ச ஆரம்பித்து, ராத்திரியும் சேர்த்து இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டே இருந்தால் பால் வற்றாது. முதலில் வருகிற சீம்பால் நாலு சொட்டுதான் என்றாலும் அதைக் கொட்டக் கூடாது, குழந்தையின் வாய்க்குள் தடவவாவது கொடுத்துவிட வேண்டும். பம்ப் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கையாலேயே பழகினால் போதும், சுத்தமாக வைத்துக்கொள்வதும் எளிது என்று நர்ஸ் அம்மாக்கள் சொன்னதால், அந்தப் பணத்தை மூடிபோட்ட ஸ்டீல் கிண்ணத்துக்கும் ஆட்டோ வாடகைக்கும் வைத்தோம். ஜூலை மழையில் மாட்டுங்கா காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்றபோது முழங்காலளவு தண்ணீரில் பால் ஃப்ளாஸ்க்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போன தகப்பனும் நம் பகுதிக்காரர்தான்.

இப்போது ஒரு மனக்குறை. பெயர் வேண்டாம், ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கே சாயங்காலம் அரை மணி நேரம்தான் அனுமதி, அதுவும் கண்ணாடிக்கு வெளியே. இந்தத் துறையில் உலகம் போகும் வழி இதற்கு நேர் எதிர். குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டிவைக்கிற கங்காரு முறை 1970-களின் கடைசியில் கொலம்பியாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் ஆரம்பித்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று 2021-இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது, டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஓர் இடம். 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்லிவிட்டது. அம்மாவால் முடியாதபோது அப்பாவோ பாட்டியோ செய்யலாம். அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால் இதெல்லாம் எப்படி நடக்கும்? நாம் கேட்பது சலுகை இல்லை, அந்தக் குழந்தையின் சிகிச்சையில் ஒரு பகுதியைத்தான் கேட்கிறோம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் குழந்தையை 90 நாளுக்குப் பிறகுதான் சேர்த்துக்கொள்கின்றன, கல்யாணமான பிள்ளைகளிடம் பாலிசியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கும் நோயுற்ற பச்சைக் குழந்தையின் சிகிச்சைக்கும் காசு வாங்கக் கூடாது என்று 2011-லிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் நம்மோடு இருந்த எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்கு வரவில்லை. அதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் காகித வேலை, அடக்கத்துக்கான ஏற்பாடு எல்லாம் நம் இளைஞர்கள் பார்த்தார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தத் தாய்க்குப் பால் சுரந்துகொண்டே இருக்கிறது, நெஞ்சு கட்டிக்கொண்டு காய்ச்சல் வருகிறது, இதை ஆண்கள் யாரும் யோசிப்பதில்லை. ஊர்ப்பக்கம் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். மகளிர் அணி அக்காக்கள் பூவும் கொண்டுபோனார்கள், டாக்டரிடமும் கூட்டிப்போனார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச விட்டார்கள். "விடும்மா, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு வேண்டியது அந்தக் குழந்தை.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம், அந்தப் புகை இந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தொட்டுவைக்கிற சேனை, சீனித்தண்ணீர், வசம்பு, உரைமருந்து எதுவும் வேண்டாம். எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கவே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது, அதனால் மருமகள்கள் சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள், மகன்கள் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் இருமலோடு வராதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கண். 34 வாரத்துக்கு முன்னாலோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே. ஆர்.ஓ.பி. என்ற இந்த நோய் வெளியில் பார்த்தால் தெரியாது, கண் அழகாகத்தான் இருக்கும், விழித்திரை பிரிந்துவிட்டால் பார்வை போய்விடும். நேரத்தில் பார்த்தால் லேசர் மூலம் காப்பாற்றலாம். ஒரு தடவை பார்த்தால் போதாது, டாக்டர் சொல்லும் தேதிகளில் எல்லாம் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனதும் நம் ஆட்கள் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடுகிறார்கள், அங்கே போனதும் மறந்துபோகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதைப் பார்க்கிறார்கள். அந்தத் தேதிகளை நோட்டில் எழுதிவைத்து, நேரம் வந்ததும் போன் செய்து ஞாபகப்படுத்தும் வேலையை நம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து "தம்பி, காட்டியாச்சுப்பா" என்று போன் வந்த பிறகுதான் அந்த வரியை அடிக்கிறார்கள்.

வரும் வருடத்துக்குச் செயற்குழு பொதுக்குழு முன் வைப்பது இவை. மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில், டிஸ்சார்ஜ் ஆன தாய்மார்கள் தங்க ஓர் அறை வாடகைக்கு எடுக்க வேண்டும், வாடகையில் ஒரு பகுதியைப் பொங்கல் விழாச் செலவைக் குறைத்து எடுக்கலாம் என்பது என் கருத்து, இதில் எதிர்ப்பு வரும் என்று தெரியும், பேசலாம். தமிழில் ஒரு விளக்கத் தாளை டாக்டர்களிடம் காட்டிச் சரிபார்த்து அச்சடிக்க வேண்டும். அம்மாவை உள்ளே விடச் சொல்லி மருத்துவமனைகளுக்குச் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுத வேண்டும்.

பகலில் கூட நிற்க ஆள் இருக்கிறது, ராத்திரிக்குத்தான் இல்லை. ஹிந்தியோ மராத்தியோ நன்றாகப் பேசத் தெரிந்த, இரவு 8 மணிக்கு மேல் வரக்கூடியவர்கள், முக்கியமாகப் பெண்கள், கூட்டம் முடிந்ததும் மகளிர் அணிச் செயலாளரிடம் பெயரும் எந்தக் கிழமை வரமுடியும் என்பதையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.